'இப்ப எப்படி இருக்கு?': நர்ஸ்கள் வலியை எழுத ஆரம்பிச்ச வரலாறு

ஆஸ்பத்திரியில படுத்திருந்த அனுபவம் இருந்தா, நர்ஸ் வந்து "வலி எப்படி இருக்கு? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க"னு கேட்டிருக்கலாம். ரொம்ப சாதாரணமான கேள்வியாத் தெரியும். நோயாளி சொல்ற பதிலை நம்பணும், அதை நேரம் போட்டு எழுதணும், மருந்து கொடுத்த பிறகு திரும்பி வந்து இன்னொரு தடவை கேக்கணும். இந்த மூணு பழக்கமும் கடந்த எழுபது வருஷத்துக்குள்ளதான் உருவாச்சு. அதுல பெரும்பங்கு நர்ஸ்களோடது. இன்னிக்கு எபிசோடு அந்த வரலாறைப் பத்தி.

நான் சூலக்கரைக்காரன். விருதுநகரை ஒட்டின ஊர். வேலை பாக்குறது சாப்ட்வேர் கம்பெனியில. எங்க மாவட்டத்துல பிறந்தவங்களுக்குப் பட்டாசுத் தொழிலோட ஏதாவது ஒரு வகையில தொடர்பு இருக்கும். 1920-களின் தொடக்கத்துல சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. மழை குறைவான, காய்ஞ்ச பூமி அந்தத் தொழிலுக்குத் தோதா இருந்துச்சு. அதுக்கப்புறம் பட்டாசு வந்தது. இப்ப சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைன்னு சுத்துவட்டாரம் பூரா ஆலைகள். எங்க பக்கம் 'மருந்து'ன்னா ரெண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில கொடுக்குறதும் மருந்துதான், பட்டாசுக் குழாய்க்குள்ள செலுத்துற வெடிக்கலவையும் மருந்துதான்.

2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்துல முதலிப்பட்டி. சுமார் 40 பேர் இறந்தாங்க. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கத்துல அச்சங்குளம். 20 பேருக்கு மேல இறந்தாங்க. இது மாதிரி செய்திகளைப் படிச்சுப் பாருங்க. இறந்தவங்க எண்ணிக்கை இருக்கும், நிவாரணத் தொகை இருக்கும், கடைசியா 'காயமடைந்தவர்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகின்றனர்'னு ஒரு வரி இருக்கும். செய்தி அங்க முடிஞ்சிடும். காயம்பட்டவங்களுக்கு அந்த வரிக்குள்ள வாரக்கணக்கா, சில பேருக்கு மாசக்கணக்கா வலி இருக்கு. நான் தேடிப் போனது அந்த வரிக்கு அப்புறம் என்ன நடக்கணும்ங்கிறதைத்தான்.

தீக்காய வலி எப்படிப்பட்டது?

தீக்காயத்துல ஒரு விசித்திரம் இருக்கு. பாக்க ரொம்ப மோசமா இருக்குற காயம்தான் அதிகமா வலிக்கும்னு நாம நினைப்போம். உண்மையில, தோலோட மேல் பகுதி மட்டும் வெந்து கொப்புளம் போட்ட காயம் பயங்கரமா எரியும். ஏன்னா அங்க நரம்பு முனைகள் உயிரோட, வெளியில தெரியுற மாதிரி இருக்கு. தோல் முழு ஆழத்துக்கும் எரிஞ்சுபோன இடத்துல நரம்பு முனைகளும் சேர்ந்து அழிஞ்சிருக்கும். அதனால அந்த இடத்துல உணர்ச்சி குறைவா இருக்கலாம், ஆனா அதைச் சுத்தியிருக்கிற ஓரங்கள்ல வலி கடுமையா இருக்கும். ஒரே கையில இந்த ரெண்டு வகையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கலாம். அதனால காயத்தைக் கண்ணால பாத்து மட்டும் 'இவருக்கு இவ்வளவுதான் வலிக்கும்'னு யாராலயும் கணக்குப் போட முடியாது.

இன்னொண்ணு, தீக்காயத்துல வலி ஒரே மாதிரி இருக்காது. சும்மா படுத்திருக்கும்போதே இருக்குற வலி ஒண்ணு. கட்டைப் பிரிச்சு, காயத்தைக் கழுவி, செத்த தோலை எடுத்து, திரும்பக் கட்டும்போது வர்ற வலி இன்னொண்ணு. டிரெஸ்ஸிங் வலியைத்தான் பெரும்பாலான தீக்காய நோயாளிகள் ரொம்பக் கொடுமைன்னு சொல்றாங்க. கொடுத்த மருந்தையும் மீறி நடுவுல திடீர்னு கிளம்புற வலி மூணாவது. காயம் ஆறின பிறகும் அரிப்பு, சுருக் சுருக்குனு குத்தல்னு நரம்பு சம்பந்தப்பட்ட தொந்தரவு மாசக்கணக்குல நீடிக்கலாம்.

'பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ, ஆறிடும்'னு சொல்லிட முடியாதா? முடியாது, அதுக்கு உடம்பு சார்ந்த காரணம் இருக்கு. வலி அதிகமா இருந்தா ஆள் கையை அசைக்க மாட்டார். அசைக்கலைன்னா ஆறிவர்ற தோல் இறுகி, விரல் மடங்கினபடியே நின்னுடும். காகிதக் குழாய் சுருட்டுறவங்களுக்கும் திரி வைக்கிறவங்களுக்கும் விரல்தான் பிழைப்பு. வலியைச் சரியாக் கவனிச்சாத்தான் கைக்கான பயிற்சியைச் செய்ய முடியும், பயிற்சி செஞ்சாத்தான் கை பழையபடி வேலைக்கு ஆகும்.

அஞ்சு படிகள் எங்கிருந்து வந்தது?

இன்னிக்கு நம்ம ஊர்ல ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் படிக்கிற எல்லாருக்கும் 'நர்சிங் ப்ராசஸ்'னு ஒரு பாடம் உண்டு. மதிப்பிடு, பிரச்சினை என்னன்னு பேர் வை, திட்டமிடு, செய், பலன் கிடைச்சதான்னு திரும்பப் பார். அஞ்சு படி. நம்ம பக்கம் மூத்த நர்சிங் கல்லூரின்னா வேலூர் சி.எம்.சி. 1946-லேயே பட்டப்படிப்பு தொடங்கின இடம். அந்தக் காலத்துல இந்த அஞ்சு படி உலகத்துல எங்கேயும் இல்ல. டாக்டர் உத்தரவு போடுவார், நர்ஸ் அதைச் செய்வார். நர்ஸோட யோசனைக்குன்னு தனியா ஒரு பேர் கிடையாது.

1955-ல அமெரிக்க நர்ஸ் லிடியா ஹால் நர்சிங்கை ஒரு 'ப்ராசஸ்'னு சொன்னார். அதே காலத்துல யேல் பல்கலைக்கழகத்துல ஐடா ஜீன் ஒர்லாண்டோங்கிற நர்ஸ், வார்டுகள்ல நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு பாத்துப் பாத்துக் குறிச்சார். எது நல்ல நர்சிங், எது மோசமான நர்சிங்னு அந்தக் குறிப்புகளைப் பிரிச்சுப் பாத்தார். 1961-ல அது புத்தகமா வந்தது. அவர் கண்டுபிடிச்சது இதுதான்: நோயாளி ஏன் முனகுறார், ஏன் கோபப்படுறார், ஏன் சாப்பாட்டைத் தள்ளிவிடுறார்னு நர்ஸ் தானா ஒரு முடிவுக்கு வரக்கூடாது. தான் நினைச்சது சரியான்னு நோயாளிகிட்டயே கேக்கணும். ஏதாவது செஞ்ச பிறகு, அது உதவுச்சான்னும் அவர்கிட்டயே கேக்கணும்.

1967-ல ஹெலன் யூரா, மேரி வால்ஷ்னு ரெண்டு பேர் இதை நாலு படியா எழுதினாங்க. 1973-ல அமெரிக்க நர்சுகள் சங்கத்தோட தரவிதிகள் வந்தப்ப அது அஞ்சாச்சு. அதே வருஷம் செயின்ட் லூயிஸ்ல ஒரு மாநாடு நடந்தது. நர்ஸ்கள் தாங்களே கண்டுபிடிக்கிற பிரச்சினைகளுக்குப் பேர் வைக்கிறதுக்கான மாநாடு. டாக்டர் 'தீக்காயம், 30 சதவீதம்'னு எழுதுவார். நர்ஸ் 'கடும் வலி, டிரெஸ்ஸிங் நேரத்துல கூடுது, அதனால கையை அசைக்க மறுக்கிறார்'னு எழுதுவார். ரெண்டும் ரெண்டு வேற தகவல். ரெண்டாவதுக்கு அதுவரைக்கும் கேஸ் ஷீட்ல இடம் இல்லாம இருந்தது.

வலிக்குன்னு ஒரு தனிக் கதை இருக்கு. 1968-ல கலிஃபோர்னியா நர்ஸ் மார்கோ மெக்கஃப்ரி, வலின்னா அனுபவிக்கிற ஆள் எதைச் சொல்றாரோ அதுதான், எப்ப இருக்குன்னு சொல்றாரோ அப்ப இருக்குங்கிற கருத்தை முன்வைச்சார். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கு, ரத்த அழுத்தத்துக்குக் கருவி இருக்கு. வலிக்கு நோயாளியோட வாய்தான் கருவின்னு ஆச்சு. எங்க தொழில்ல இது நல்லாப் புரியும். சர்வர்ல எல்லாம் பச்சையா இருக்குன்னு நாங்க சொல்லலாம். ஆனா ஆப் திறக்கலைன்னு யூசர் சொன்னா, திறக்கலைன்னுதான் அர்த்தம்.

முகம் வரைஞ்ச குழந்தைங்க

சரி, நம்பர் சொல்லத் தெரியாத குழந்தைகிட்ட எப்படிக் கேக்குறது? இதுக்கான விடை ஒரு தீக்காய வார்டுல இருந்துதான் வந்தது. அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலம், டல்சா நகரம், ஹில்க்ரெஸ்ட் மருத்துவமனை. 1980-களின் தொடக்கத்துல டோனா வாங்ங்கிற நர்ஸும், ஆஸ்பத்திரியில குழந்தைங்க மனநிலையைக் கவனிக்கிற வேலையில இருந்த கோனி பேக்கரும் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. சின்னக் குழந்தைங்களுக்கு நம்பர் அளவுகோல் பிடிபடல. அதனால வெறும் வட்டங்களைக் கொடுத்து, வலி இல்லாதது முதல் ரொம்ப வலிக்கிறது வரைக்கும் முகங்களை நீங்களே வரைங்கன்னு சொன்னாங்க. அந்தப் படங்களை வச்சு 1983-ல ஆறு முகம் கொண்ட அட்டை உருவாச்சு. சிரிக்கிற முகத்துல தொடங்கி கண்ணீர் விடுற முகத்துல முடியும். இன்னிக்கு நம்ம ஊர் ஆஸ்பத்திரி சுவர்கள்லயும் அந்த முகங்களைப் பாக்கலாம்.

ஆனா அட்டை இருந்தா மட்டும் போதுமா? 1990-களில் மெக்கஃப்ரியும் பெட்டி ஃபெரலும் நர்ஸ்களுக்கு ஒரு சோதனை வச்சாங்க. ரெண்டு கற்பனை நோயாளிகள். ரெண்டு பேருக்கும் ஒரே ஆபரேஷன், ஒரே நாடித்துடிப்பு. ரெண்டு பேரும் வலி எட்டுன்னு சொல்றாங்க. ஒரே வித்தியாசம், ஒருத்தர் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கார், இன்னொருத்தர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டுப் படுத்திருக்கார். வலின்னு என்ன நம்பர் எழுதுவீங்கன்னு கேட்டாங்க. முகம் சுளிச்சவருக்கு எட்டுன்னு எழுதினவங்க அதிகம். சிரிச்சவருக்கு நிறைய பேர் குறைச்சு எழுதினாங்க. சிரிச்சவர் பொய் சொல்லல, வந்த விருந்தாளிகிட்ட நல்லவிதமாப் பேசிக்கிட்டு இருந்தார், அவ்வளவுதான். நம்ம ஊர்ல வெளியாள் முன்னாடி முகத்தைச் சுளிக்காம இருக்குற அம்மாக்கள் எத்தனை பேர்னு யோசிச்சுப் பாருங்க.

அமெரிக்கா கூடுதலாப் போச்சு, நாம குறைவா நின்னுட்டோம்

1996 வாக்குல அமெரிக்காவுல வலியை 'அஞ்சாவது வைட்டல் சைன்'னு அறிவிச்சாங்க. நாடி, மூச்சு, வெப்பம், ரத்த அழுத்தம், அதுக்கு அடுத்தது வலி. நோக்கம் நல்ல நோக்கம். ஆனா நாளாக ஆக நம்பரைக் குறைக்கிறதே வேலையாப் போச்சு. அதே 1996-ல பர்டூ ஃபார்மா கம்பெனி ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமைப்படுத்துற ஆபத்து குறைவுன்னு விளம்பரம் செஞ்சது. மக்களைத் தவறா வழிநடத்தினதா 2007-ல நீதிமன்றத்துல குற்றத்தை ஒப்புக்கிட்டது. அதுக்குள்ள லட்சக்கணக்கான குடும்பங்கள் அந்த மாத்திரைகளால பாதிக்கப்பட்டிருந்தது. அங்க நடந்ததுல ஒரு பகுதி, முதல் படியையும் நாலாவது படியையும் மட்டும் வச்சுக்கிட்டதுதான். நம்பர் கேளு, மாத்திரை கொடு. நடுவுல இது என்ன வகை வலின்னு யோசிக்கிறதும், கடைசியில பலனும் பக்கவிளைவும் என்னன்னு திரும்பிப் பாக்குறதும் விட்டுப்போச்சு.

இந்தியாவுல நடந்தது இதுக்கு நேர் எதிர். 1985 எங்க மாவட்டத்துக்கு முக்கியமான வருஷம். மார்ச் 15-ம் தேதி ராமநாதபுரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆனோம். அதே வருஷம் நவம்பர்ல என்.டி.பி.எஸ். சட்டம்னு சொல்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. குறைஞ்சபட்சம் பத்து வருஷம் சிறைன்னு இருந்த அந்தச் சட்டத்தைப் பாத்து ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் பயந்துபோச்சு. மார்ஃபின் வாங்க, வைக்க, கொண்டுபோகன்னு தனித்தனி உரிமங்கள், மாநிலத்துக்கு மாநிலம் வேற விதி. அடுத்த 12 வருஷத்துல நாட்டுல மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 90 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சது. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் உத்தரப் பிரதேசத்துலயும் அரசு அனுமதியோட அபின் பயிர் செஞ்சு வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ற நாடு இது. உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிநிலை மருந்து முறையை 1986-ல வெளியிட்டப்ப, அதோட மேல் படியில இருந்த மருந்து நம்ம ஆஸ்பத்திரிகள்ல கிடைக்காம போய்க்கிட்டிருந்தது.

நிலைமையை மாத்தினதுல பெரிய பங்கு பக்கத்து மாநிலம் கேரளாவுக்கு. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில மயக்க மருந்து நிபுணரா இருந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் 1993-ல வலிநிவாரண அமைப்பு ஒண்ணைத் தொடங்கினாங்க. அவங்களை அந்தப் பக்கம் திருப்பினதுல கில்லி பர்ன்ங்கிற இங்கிலாந்து நர்ஸுக்கும் பங்கு உண்டு. அடுத்து வந்த அண்டைவீட்டு வலையமைப்புல நர்ஸும் தன்னார்வலர்களும் வீடு வீடாப் போனாங்க. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2014-ல சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்'னு வகைப்படுத்தப்பட்டு, நாடு முழுக்க ஒரே விதி வந்தது. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துலயும், படுத்த படுக்கையா இருக்குறவங்க வீட்டுக்கு நர்ஸ் போறது ஒரு பகுதி.

ஒரு டிரெஸ்ஸிங், அஞ்சு படி

இப்ப எங்க பகுதிக்கு வருவோம். சிவகாசி அரசு மருத்துவமனையில தீக்காயப் பிரிவு இருக்கு. 2022 ஜனவரியில விருதுநகர்ல அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. மோசமான காயம்னா மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவாங்க. இது மாதிரி ஒரு வார்டுல, கை வெந்த ஒருத்தருக்கு இந்த அஞ்சு படி எப்படி இருக்கணும்?

முதல்ல மதிப்பீடு. எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, எப்ப கூடுது, பத்துக்கு எவ்வளவு. 'எப்படி'ங்கிறது முக்கியம். 1975-ல ரொனால்ட் மெல்சாக் மெக்கில் பல்கலைக்கழகத்துல ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். அதுல வலியை விவரிக்க 78 ஆங்கிலச் சொற்கள் இருக்கு. நம்ம மக்கள்கிட்ட பட்டியல் இல்லாமலே சொற்கள் உண்டு: எரியுது, காந்துது, கடுக்குது, குத்துது, குடையுது, விண்ணு விண்ணுனு தெறிக்குது. எரிச்சலும் சுருக்குனு குத்துறதும் நரம்பு வலிக்கான தடயமா இருக்கலாம். விண்ணு விண்ணுனு தெறிச்சு, கூடவே வீக்கமும் காய்ச்சலும் இருந்தா சீழ் பிடிச்சிருக்கான்னு பாக்கணும். நோயாளி சொன்ன சொல்லை நர்ஸ் அப்படியே எழுதினா, டாக்டருக்கு அதுவே பாதி வழி காட்டும்.

ரெண்டாவது, பேர் வைக்கிறது: டிரெஸ்ஸிங் சார்ந்த கடும் வலி. மூணாவது, திட்டம்: டிரெஸ்ஸிங் நேரத்துல வலி நாலைத் தாண்டக்கூடாதுன்னு நோயாளியும் சேர்ந்து ஒரு இலக்கு வைக்கிறது. டாக்டர் எழுதின மருந்தை டிரெஸ்ஸிங்குக்கு எவ்வளவு நேரம் முன்னாடி கொடுக்கணும்னு கணக்குப் போடுறது. வாய்வழி மார்ஃபின் வேலை செய்ய அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். மருந்தைக் கொடுத்த உடனே கட்டைப் பிரிச்சா, கொடுத்தும் பிரயோஜனம் இல்ல.

நாலாவது, செயல். ஒட்டிப்போன கட்டைச் சலைன் ஊத்தி நனைச்சு எடுக்குறது, கையை உயர்த்தி வைக்கிறது, 'நிறுத்துங்க'ன்னு சொன்னா ஒரு நிமிஷம் நிறுத்துறது. 'நிறுத்துங்க'ன்னு சொல்ற உரிமை தன்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சாலே நோயாளியோட பயம் குறையும்.

அஞ்சாவது, திரும்பி வர்றது. ஊசின்னா கால் மணியில இருந்து அரை மணிக்குள்ள, மாத்திரைன்னா ஒரு மணி வாக்குல. வலி எவ்வளவு குறைஞ்சது, ஆள் ரொம்ப மயங்குறாரா, மூச்சு சீரா இருக்கா, மலச்சிக்கல் இருக்கா. குறையலைன்னா திட்டத்தை மாத்தணும். எங்க வேலையில டிக்கெட்டை மூடுறதுக்கு முன்னாடி அதைப் பதிவு பண்ணவங்ககிட்ட 'சரியாச்சா?'னு கேப்போம். கேக்காம மூடினா பிரச்சினை அப்படியே இருக்கும், கணக்குல மட்டும் தீர்ந்திருக்கும்.

இந்த அஞ்சாவது படிக்குத்தான் ஆள் வேணும். ஒரு நர்ஸ் ஒரு முழு வார்டைப் பாத்துக்கிட்டு இருந்தா, மருந்து கொடுக்க நேரம் கிடைக்கும், திரும்பி வர நேரம் கிடைக்காது. 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல ஒப்பந்த நர்ஸ்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடினாங்க. அதைச் சம்பளப் பிரச்சினையா மட்டும்தான் நம்மள்ல நிறைய பேர் பாத்தோம். வார்டுல எத்தனை நர்ஸ் இருக்காங்க, எத்தனை நாள் நிலையா இருக்காங்கங்கிறது நோயாளியோட வலியையும் தீர்மானிக்கிற விஷயம்.

அதனால விபத்துச் செய்தி வரும்போது இழப்பீடு எவ்வளவுன்னு கேக்குறதோட இன்னும் சில கேள்வி கேட்கலாம். அந்தத் தீக்காய வார்டுல ஒரு ஷிப்டுக்கு எத்தனை நர்ஸ்? மார்ஃபின் கையிருப்பு இருக்கா? வைட்டல்ஸ் சார்ட்ல வலிக்குன்னு ஒரு கட்டம் இருக்கா? பதில் எழுதி வைக்கக்கூடிய கேள்விகள் இதெல்லாம்.

உங்க வீட்டுல யாராவது ஆஸ்பத்திரியில இருந்தா, பக்கத்துல உக்காந்திருக்கிற நீங்களும் உதவலாம். ஒரு சின்ன நோட்டுல நேரம் போட்டு, எங்க, எப்படி, பத்துக்கு எவ்வளவுன்னு அவங்க சொன்ன சொல்லுலயே எழுதுங்க. சிரிச்சுப் பேசினாலும் கேளுங்க. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எழுதுங்க. குறையலைன்னா, "சிஸ்டர், ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டோம், இப்ப பத்து, இன்னும் ஏழுன்னு சொல்றாங்க"னு சொல்லுங்க. 'ரொம்ப வலிக்குதாம்'னு சொல்றதை விட அந்த ஒரு வாக்கியம் அவங்களுக்கு ரொம்ப உதவும்.